பைப்புக்கு நான் பிடித்த நெருப்பு

கல்யாணமாகி ஏலப்பாறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நாலாம் நாள் சாயங்காலம், என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுத் தன் நாற்காலிக்கு வலப்பக்கம் நிற்கச் சொன்னார். கையில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தார். வாயில் பைப் இருந்தது. எங்கள் ஊர் நல்லேப்பிள்ளிப் பக்கம் ஆம்பிளைகள் பீடி குடிப்பார்கள், சுருட்டுக் குடிப்பார்கள். பைப்பை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"பத்த வை புள்ள" என்றார்.

நான் குச்சியை உரசி நேராக அதன் வாயில் வைத்தேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பைப்பைக் கையில் எடுத்தார். கோபப்படவில்லை. அவர் எப்போதும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பயமாக இருந்தது.

"குச்சியோட தலை எரிஞ்சு முடியற வரைக்கும் கிட்ட கொண்டு வரக் கூடாது. மருந்து நாத்தம் புகையிலைல ஏறிக்கும். அப்புறம் குச்சிய நிமித்திப் பிடிக்கப்படாது, படுக்கப் பிடிக்கோணும். நான் இழுத்தா நெருப்பு தானா உள்ள குனியும். நான் போதும்னு சொல்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது."

இரண்டு குச்சி வேண்டும். முதல் குச்சிக்குப் புகையிலை பொரிந்து மேலே எழும்பும். அதை அவர் ஒரு ஆணியின் தட்டைத் தலையால் மெதுவாக அமுக்குவார். இரண்டாவது குச்சிதான் உண்மையாகப் பற்ற வைப்பது. அந்தக் குச்சி எரிகிற நேரத்தில்தான் அவருக்கு ஏதாவது பேச்சு வரும். ஃபாக்டரியில் தேயிலை உருட்டும் ரோலர் நின்றுபோனது, மழையில் இலை சரியாக வாடாதது, எதையாவது சொல்ல ஆரம்பிப்பார். பைப்பை இழுக்கமாட்டார். இழுக்காவிட்டால் நெருப்பு குனியாது. குச்சியோடு ஊர்ந்து என் விரலுக்கு வரும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த முதல் நாள் விரல் சுட்டு, குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். அவர் பைப்பைத் தட்டிப் புகையிலையைக் கொட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இருபது வயசு. பேச இன்னொரு ஆள் இல்லாத மலை அது. அடுத்த நாள் குச்சியைப் போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போடவில்லை. அவர், "ம், வந்துருச்சு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த சித்தூர் காலேஜில் படித்தவர். எங்களைப் போலவே நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். நிலத்தைப் பார்க்க அண்ணன்மார் இருந்ததால், இவர் தெரிந்தவர் ஒருவர் மூலம் தோட்டத்துக்கு வந்து, ஃபாக்டரியில் டீ மேக்கர் ஆகியிருந்தார். டீ மேக்கர் என்றால் தேயிலை வாடுவதிலிருந்து பெட்டியில் அடைப்பது வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அவருக்கு மேலே ஒருவர் இருந்தார், தோட்டத்து மேனேஜர். வெள்ளைக்காரர்கள் போய் வருஷங்கள் ஆகிவிட்டிருந்தாலும் எல்லோரும் அவரைத் துரை என்றுதான் சொல்வார்கள். துரை பைப் பிடிப்பார். அதனால்தான் இவரும் பிடித்தார். வேறு காரணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"துரை பங்களாவுல பட்லர்தான் பத்த வைப்பான். ரெண்டு குச்சி. துரை லைட்டரத் தொடவே மாட்டாரு. பெட்ரோல் வாசம் வந்தா புகையில போச்சும்பாரு" என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

காலையில் பலகாரம் சாப்பிட்ட பின் ஒருமுறை. சாயங்காலம் ஃபாக்டரியிலிருந்து வந்து குளித்த பின் ஒருமுறை. இப்படி என் நாள் இரண்டு நெருப்புக்கு நடுவில் ஓடியது.

ஜூன் மாதம் மழை தொடங்கியதும் நிலைமை மோசமாகிவிட்டது. எங்கள் ஊரில் தீக்குச்சி உரசினால் பிடிக்கும். அதைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். அந்த மலையில் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். பெட்டியின் பக்கத்து மருந்து குழைந்து வரும். உரசினால் குச்சியின் தலை பிய்ந்து போகும். நான் தீப்பெட்டிகளை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தேன். சாயங்காலம் ஆகும்போது ஒரு பெட்டியை ரவிக்கைக்குள் செருகி வைத்துக்கொள்வேன், உடம்புச் சூட்டில் காயட்டும் என்று. மூன்று குச்சி பிடிக்காமல் போனால் அவர் நான்காவதற்குக் காத்திருக்கமாட்டார். எழுந்து போய்விடுவார். பிறகு அந்த மௌனம்.

இரண்டாம் வருஷம் பொங்கலுக்குச் சீர் கொண்டுவர என் அண்ணன் வந்தார். சோறு போடும்போது என் வலது கையைப் பார்த்துவிட்டார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நுனியில் கறுத்து, தோல் தடித்துப் போயிருந்தன.

"என்ன அம்மிணி இது?"

"அடுப்புங்கண்ணா. இங்க வெறகு ஈரமா இருக்கும்."

சாயங்காலம் பைப் பற்ற வைக்கும்போது அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார். மாமனார் வீட்டு மனிதர் முன்னால் என்னைப் பழக்கி வைத்திருப்பதைக் காட்டிக்கொள்வதுபோல இருந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய், அடுத்த முறை வரும்போது கோயம்புத்தூரில் வாங்கிய ஒரு லைட்டரைக் கொண்டுவந்தார். வெள்ளி நிறம், பட்டையான உடம்பு, மூடியைத் திறந்தால் கிளிக் என்று ஒரு சத்தம். பெட்ரோலில் திரி நனைந்து எரிகிற வகை.

"மாப்பிள்ளைக்குங்க. பைப்புக்கு நல்லா இருக்கும்னு கடைக்காரன் சொன்னானுங்க."

என் வீட்டுக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பையில் எப்போதும் வைத்துக்கொண்டார். ஆபீஸ்காரர்கள் சிகரெட் எடுத்தால் கிளிக் என்று பற்ற வைத்துக் கொடுப்பார். அண்ணன் போன மறுநாள் சாயங்காலம் நான் தீப்பெட்டி எடுக்காமல் போய் நின்றேன்.

"தீப்பொட்டி எங்க?"

"லைட்டர் இருக்குதுங்களே."

"அது சிகரெட்டுக்கு. பைப்புக்கு நீ இருக்கியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் லைட்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் பெட்ரோல் வாசம் உண்மையிலேயே ஏறுமா என்ற கேள்வி மனசில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. ஏறும் என்றால் என் விரல் எரிவதற்கு ஒரு நியாயமாவது இருக்கும்.

மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் ஒருநாள், கோட்டு மாற்றிப் போட்ட அவசரத்தில் லைட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானம். ஜன்னலைச் சாத்தினேன். பைப்பை எடுத்து, டின்னிலிருந்து புகையிலையை அவர் அடைப்பது மாதிரியே அடைத்து, முதலில் குச்சியால் பற்ற வைத்து இழுத்தேன். இருமல் வந்து கண்ணெல்லாம் நீர். தட்டிக் கொட்டிவிட்டு மறுபடி அடைத்து, லைட்டரால் பற்ற வைத்தேன். முதல் இழுப்பில் மட்டும் லேசாக ஒரு வாடை இருந்ததோ என்னவோ. இரண்டாவது இழுப்பில் ஒன்றுமே இல்லை. அதே இருமல், அதே கசப்பு.

கதவு தாழ்ப்பாள் போட மறந்திருந்தேன். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள் உள்ளே வந்துவிட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு அரை நாள் வேலைக்கு, கொழுந்து எடுக்கிற பெண்களில் ஒருத்தியை அனுப்புவார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவள் தாத்தா காலத்தில் வந்த குடும்பம். புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போயிருந்தான். இரண்டு பெண்பிள்ளைகளோடு லயத்தில் ஒரு அறையில் இருந்தாள். லயம் என்பது தொழிலாளிகளுக்குத் தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீடு. வேலை இருக்கும் வரை வீடு. அவள் வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். அந்த மலையில் என்னோடு சிரித்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம்மா, துரைசானி ஆயிட்டீயளா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தேன். ஏன் குடித்துப் பார்த்தேன் என்பதை அவளிடம் சொன்னேன். அவள் கிட்ட வந்து புகையை மோந்து பார்த்தாள். இழுத்துப் பார் என்று நீட்டினேன். "அய்யே, எனக்கு வெத்தல போதும்" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு, "தீப்பெட்டியும் லைட்டரும் ரெண்டும் ஒரே நாத்தந்தாம்மா. இதுக்கா கைய வேக வைக்கீய?" என்றாள்.

பைப்பைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஜன்னலைத் திறந்து முறத்தால் புகையை விசிறினோம்.

அதற்கு அடுத்த மாதம் எனக்கு நாள் தள்ளியது. புகையிலை வாசனை பட்டாலே குடலைப் புரட்டிக்கொண்டு வரும். ஒரு சாயங்காலம் முதல் குச்சி உரசியதுமே வாந்தி எடுத்துவிட்டேன். அன்றைக்கு ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். விருந்தாளி முன்னால் இப்படி ஆனதில் என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளைக் கூப்பிட்டார். பைப்பைக் காட்டினார்.

நான் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, நான் செய்வதைப் பார்த்துப் பழகியிருந்தபடியே, முதல் குச்சியைச் சரியாகப் பிடித்தாள். அவர் ஆணித்தலையால் அமுக்கினார். இரண்டாவது குச்சியைப் பிடித்தாள். அவர் ரைட்டர் பக்கம் திரும்பி ஏதோ பேச ஆரம்பித்தார். நெருப்பு குச்சியின் பாதிக்கு வந்தது. அவள் ஊதி அணைத்துவிட்டாள்.

பேச்சு நின்றது.

"அய்யா இழுக்கலையே. அப்புறம் தீ எதுக்கு வெட்டியா எரியணும்?" என்றாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அடுப்பில் பாத்திரம் இல்லாமல் தீ எரிந்தால் சொல்கிற மாதிரி சொன்னாள்.

ரைட்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் சிரித்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "லைட்டர்ல பத்த வச்சுக்கிடுங்கய்யா. ரெண்டும் ஒண்ணுதான். அம்மாவே குடிச்சுப் பாத்துட்டாவ" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா புள்ள?"

வாந்தியின் புளிப்பு வாயிலேயே இருந்தது. "பொய்யிங்க" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "அவதானுங்க உங்க டின்னத் தொறந்து புகையில எடுத்து உங்க பைப்புலயே குடிக்கறா. நானே பாத்தனுங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தனுங்க" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்து அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை.

மறுநாளே அவர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார், வேலைக்காரி திருடினாள் என்று. தொழிலாளர் யூனியன்காரர் சும்மா விடவில்லை. சாட்சி யார் என்று கேட்டார். என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரையின் அறைக்குள் நான் போனது அந்த ஒரே தடவைதான். துரையும் யூனியன்காரரும் இருந்தார்கள். அவளைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரரும் உள்ளே வந்தார். யூனியன்காரர் எழுந்து, புகார் கொடுத்தவர் வெளியே இருக்கட்டும், இந்தப் பெண் பயமில்லாமல் பேசட்டும் என்று அடம் பிடித்தார். துரை தலையசைத்தார். என் வீட்டுக்காரர் வெளியே போனார். கதவைச் சாத்தினார்கள்.

"சேச்சி, பேடிக்க வேண்டாம். உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றார் யூனியன்காரர். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. நல்ல மனிதர். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அப்போது துரை மேஜையிலிருந்து பைப்பை எடுத்து வாயில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்தார். கிளிக். பைப்பின் மேலே ஒரு சுற்று, இரண்டு இழுப்பு. மூடியைச் சாத்திப் பையில் போட்டுக்கொண்டார். கண் முழுக்க ஏதோ காகிதத்திலேயே இருந்தது. கை தானாகச் செய்தது. வருஷக்கணக்கில் அப்படியே செய்து பழகிய கை என்பது பார்த்தாலே தெரிந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பட்லர் இல்லை, இரண்டு குச்சி இல்லை, பெட்ரோல் வாசமும் இல்லை. மூன்று வருஷமாக ஒரு பொய்க்கு விரலைக் கொடுத்திருக்கிறேன். அது அத்தனையும் புரிந்த பிறகுதான் யூனியன்காரர் கேட்டார்: "இவங்க எடுத்ததக் கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தனுங்க" என்றேன்.

ஏன் என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நான் பைப் குடித்தவள் ஆவேன், பொய் சொன்னவள் ஆவேன். வயிற்றில் பிள்ளை. வீட்டுக்குத் திரும்பிப் போய் அந்த மௌனத்துக்குள் இருக்க வேண்டும். இவையெல்லாம் காரணம்தான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. அவள் குச்சியை ஊதி அணைத்தாளே, அது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு சுலபமான காரியமாக அதை அவள் ஆக்கிவிட்டாள். அப்படியானால் மூன்று வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

யூனியன்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. போலீசுக்குப் போகாமல் இருப்பதானால் அவள் தானாகவே வேலையை விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவானது. வேலை போனால் லயத்து அறையும் போகும்.

அவள் போகிற அன்று காலை எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்தாள். நான் கொடுத்திருந்த இரண்டு பழைய சேலைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். திருட்டுப் பட்டம் கட்டிய வீட்டுச் சாமான் எதையும் கொண்டுபோக விரும்பவில்லை என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"வீட்டுல வச்சு நீங்க சொன்னத நான் தப்பா எடுக்கலம்மா. பயந்துட்டீய. பொம்பளைக்கு அது வாறதுதான். ஆனா ஆபீசுல ரெண்டாந்தடவ சொன்னீயளே, அப்ப அய்யா அங்க இல்லையே."

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு பதிலுக்குச் சற்று நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். ரோட்டில் அவள் பெண்கள் இரண்டு பேரும் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் ஸ்கூல் பாவாடையில் இருந்தாள்.

எனக்கு மகன் பிறந்தான். பிரசவத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்ததும், சாயங்காலத்தில் பழையபடி நாற்காலிக்கு வலப்பக்கம் நின்றேன். ஒருநாள் இரண்டாவது குச்சி எரிந்துகொண்டிருக்கும்போது அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"அந்தப் பொம்பள பைப்பக் குடிச்சிருந்தா வாயி வெக்கற எடத்துல வெத்தலச் செகப்பு பட்டிருக்கோணும். நான் அன்னைக்கே பாத்தேன். ஒரு பொட்டுகூட இல்ல" என்றார்.

குச்சி என் விரலைத் தொட்டது. நான் கையை எடுக்கவில்லை.

"அப்புறம் ஏனுங்க எழுதிக் குடுத்தீங்க?"

"ரைட்டர் முன்னால ஊதி அணைச்சாளல்ல?" என்றார். "நீயும்தான் நல்லாச் சொன்ன. நானே எதிர்பாக்கல." பைப்பை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு குச்சி என்று கையைக் காட்டினார்.

அதற்கு மேல் அவர் என்னிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஏதாவது ஒரு விஷயத்தில் முகம் மாறினால், "வெத்தலச் செகப்பு" என்பார். நான் அடங்கிவிடுவேன்.

இரண்டு வருஷம் கழித்துத் துரை மாறிப் போனார். புதுத் துரைக்கு இளைப்பு நோய்; புகை ஆகாது. அவர் வந்த வாரமே என் வீட்டுக்காரர் பைப்பை அலமாரியில் வைத்தார். பிறகு அதைத் தேடவேயில்லை. அது இல்லாமல் அவர் ஒருநாள்கூடத் தவித்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் சாயங்காலம் ஆனால் கை தீப்பெட்டிக்குப் போகும்.

கொழுந்து எடுக்கிற பெண்களிடம் ஒருமுறை சாடையாக விசாரித்தேன். அவள் வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் இருக்கிறாள் என்றும், மூத்தவளும் இப்போது காட்டு வேலைக்குப் போகிறாள் என்றும் சொன்னார்கள். சின்னவள் படிக்கிறாளா என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை. ஏலப்பாறையிலிருந்து அந்தப் பக்கம் போக தினமும் பஸ் இருந்தது. அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் நான் அந்தத் தோட்டத்தில்தான் இருந்தேன். போகவில்லை.